சண்முகவடிவு கத்தவில்லை

பூண்டுலோயா பஸார் வளைவில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. ரீலோட் போடுவேன், போட்டோ கொப்பி எடுப்பேன், உடைந்த போனுக்குக் கண்ணாடி மாற்றுவேன். போர்டில் சரிபுதீன் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைக்கார முஸ்லிம் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் நானாதான், எழுபது வயதுக்காரருக்கும் நானாதான். சண்முகவடிவு என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கும் நான் நானா. எனக்கு அவள் வடிவக்கா.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. ஆனால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பாம்பு வளர்த்தாளாம், பாம்பை ஏவிவிட்டாளாம், பேஸ்புக்கில் பேர் எடுப்பதற்காக ஒரு பிள்ளையைக் கடிக்க விட்டாளாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வடிவக்கா பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கென்று போனார். அங்கேயே இன்னொரு குடும்பமும் ஆகிவிட்டது. ஒரே மகள் சுதர்ஷினி. குவைத்தில் வீட்டு வேலை. அவள் அனுப்பிய போன்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முதல் வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோ கோல் வந்தது. பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. மகளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டு மேடம் போனைப் பறித்து வைத்துக்கொள்வாளாம்.

லயத்தில் வரிசையாக ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படி ஓர் இடத்தில் ஒரு மனுஷி தனியாக இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நன்றாக இருக்க முடியும். வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, மறுநாள் காலை வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியும். வடிவக்கா அப்படித்தான் இருந்தாள். அவளுக்குப் பேச்சு என்று இருந்ததெல்லாம் தேயிலை மலையில்தான். தன்னோடு நிரை பிடித்து, ஆளுக்கொரு செடி வரிசையில் கொழுந்து எடுக்கிற இருபத்தியிரண்டு பொம்பிளைகள்தான் அவளுக்குச் சொந்தம் பந்தம் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் பாவம், பஸ் ஏறி என் கடைக்கு வந்து ஒன்றுமில்லாத காரணத்துக்கு நின்றுகொண்டிருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டினாள்.

"நானா, இந்த எட்டுக்கால் பூச்சியப் பாருங்க. எங்க வீட்டு ஜன்னல்ல கூடு கட்டியிருக்கு. நடுவுல என்னமோ எழுதி வச்ச மாதிரி இருக்குல்ல? இதுக்கு என்னா பேரு?"

மஞ்சளும் கறுப்புமாக ஒரு சிலந்தி. வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் அடையாளம் போல ஒரு பின்னல். எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த சிலந்தி கடைச் சீலிங்கில் இருக்கிறதுதான். அதையும் விளக்குமாற்றால்தான் தெரியும். பாம்பு, சிலந்தி, தவளை படங்கள் போடுகிற ஒரு பேஸ்புக் குழு இருந்தது. அவளுக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்து, அதில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டேன். விட்டால் போதும், கஸ்டமர் காத்திருக்கிறார் என்ற அவசரம்தான்.

அரை மணித்தியாலத்தில் சிங்களத்தில் ஒருவர் பதில் எழுதியிருந்தார். வாசித்துச் சொன்னேன். பெண் சிலந்தியாம், ஆண் இதில் கால்வாசிதான் இருக்குமாம், மனுஷருக்கு ஒன்றும் செய்யாதாம். வடிவக்கா சிலந்தியைப் பற்றிக் கேட்கவில்லை.

"எனக்கா பதில் போட்டிருக்காரு? என் பேரப் போட்டா?" என்றாள்.

"ஆமா அக்கா. சண்முகவடிவுன்னு இங்கிலீஷ்ல ஈக்கு பாருங்க."

அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள். போனை மழை படாமல் ஒரு சிலிசிலி பொலித்தீன் பேக்கில் சுற்றி, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போவாள். வேலையை மேற்பார்க்கிற இராயப்பன் கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து இரண்டு படம். தேயிலைச் செடிக்கு மேலே ஒரு உலகம் என்றால் கீழே இன்னொரு உலகம் இருக்கிறது என்று அவள் படங்களைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இலையை மடித்துத் தைத்து அதற்குள் முட்டை வைத்திருக்கும் சிலந்தி. நான்கு கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு கமராவை முறைக்கும் சிலந்தி. செத்த மரப் பொந்தில் புலித் தோல் போல வரி போட்ட, உள்ளங்கை அகலச் சிலந்தி. ஐந்தாம் வகுப்புப் படித்த தமிழில் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுவாள். குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு போன ஒரு சிலந்திக்கு, "பிள்ளைக் காம்பிராவில் விட ஆள் இல்லை, தூக்கிக்கொண்டே வேலைக்குப் போகிறாள்" என்று எழுதியிருந்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்து அறைதான் பிள்ளைக் காம்பிரா; கொழும்பில் இருக்கிற ஒருத்தருக்கு அது என்ன விளங்கும்? ஆனாலும் எண்ணூறு பேர் லைக் போட்டார்கள்.

சிலந்தியிலிருந்து பாம்புக்குப் போனாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது ஒருத்தி தன் நிரையில் பாம்பைக் கண்டால் "நெரை விடு!" என்று கத்த வேண்டும். உடனே எல்லாரும் அப்படியே கையை எடுத்துவிட்டு ரோட்டுக்கு ஏறிவிடுவார்கள். கங்காணி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளைக் கூப்பிடுவார். அவர்கள் தடியோடு வந்து அடித்துக் கொன்று, கம்பில் தூக்கிக் காட்டிய பிறகுதான் மறுபடியும் நிரை பிடிப்பார்கள். இது துரை போட்ட சட்டம் இல்லை, பொம்பிளைகளே வைத்துக்கொண்டது. இலைக்குள் கையை விட்டுத்தான் பிழைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய கொழுந்து எடை சேராது. பக்கத்து நிரைக்காரியின் கண்ணை நம்பித்தான் ஒவ்வொருத்தியும் கையை விடுகிறாள்.

வடிவக்காவும் முப்பது வருஷம் கத்தினவள்தான். படம் எடுக்கத் தொடங்கிய பிறகு கத்துவதை விட்டாள். சாரை, பச்சை, தண்ணீர்ப் பாம்பு என்று ஆறு ஏழு தடவை. பார்ப்பாள், படம் எடுப்பாள், அந்தச் செடியை விட்டு அடுத்த செடிக்குப் போவாள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"கத்துனா அடிச்சுப் போட்டுருவாங்க நானா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அது பாட்டுக்குச் சுருண்டு கெடக்குது. மூஞ்சியப் பாத்துட்டேன்ல, எப்பிடிக் கத்துறது?"

நான் அதற்கு நன்றாகத் தலையை ஆட்டினேன். கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன?

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறாம் நம்பர் மலை. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். அவள் நிரையில், காட்டு ஓரம் போகிற வாய்க்காலுக்குப் பக்கத்துச் செடியில் பலாபொலங்கா கிடந்தது. சிங்களப் பெயரைத்தான் தோட்டத்திலும் சொல்வார்கள். பச்சை விரியன். பச்சையில் கறுப்புக் கறுப்பாகக் கோலம் போட்ட மாதிரி, முக்கோணத் தலை, கொழுந்தோடு கொழுந்தாக. கொழுந்து எடுக்கிறவர்களின் கையில் கடிப்பது பெரும்பாலும் அதுதான். வடிவக்கா அதுவரை அதைப் படமெடுத்ததில்லை. ஒரு முழம் தூரத்தில் நின்று பதினொரு படம் எடுத்தாள். அவளுக்கு இடது பக்கத்து நிரையில் நிஷாந்தி பாடிக்கொண்டே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாளாம். இருபத்தியாறு வயதுப் பெண். இழுப்பு வியாதிக்காரி, மழைக்காலத்தில் மூச்சு விட அவ்வளவு கஷ்டப்படுவாள். ஆனாலும் மலையில் அவள்தான் வாயாடி. வடிவக்காவைப் படம் பிடிக்கிற அக்கா என்று கேலி பண்ணுகிறவள், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில்தான் உட்காருவாள்.

மூன்று மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. பாதியில் மலையை விட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பாம்பு இருந்த செடியும் அதற்கு மேலே இருந்த செடிகளும் மறுநாளுக்கு நின்றுவிட்டன.

அன்று மாலை லயத்து முடக்கில், சிக்னல் கிடைக்கிற கல்லில் நின்று அந்தப் படத்தைப் போட்டாள். அவள் போட்டதிலேயே அதுதான் பெரிய படம். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று ஏறிக்கொண்டே போனது. மறுநாள் காலையில் எழுந்தவள் நேராக அந்தக் கல்லுக்குப் போயிருக்கிறாள். நாலாயிரம். இதயம், கைதட்டல், பூங்கொத்து. யார் யாரோ அவளை அக்கா என்றும் அம்மா என்றும் எழுதியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றதில் பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். காலையில் ஆளைப் பதிந்து நிரை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. பிந்தி வந்தவளுக்குக் கங்காணி ஏசிவிட்டு, மலையின் அந்தக் கடைசியில் ஒரு நிரையைக் கொடுத்தார். அவள் நேற்று விட்ட நிரை நிஷாந்திக்குப் போய்விட்டது.

போகும்போது சொல்லியிருக்கலாம். நானும் அவளிடம் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்திருச்சு நானா. கங்காணி அப்பத்தான் ஏசி முடிச்சிருந்தாரு. நேத்தே ஏன் சொல்லலன்னு எல்லாரும் கேப்பாங்களேன்னு... ராத்திரி பூரா மழ பேஞ்சிச்சே, அது எங்கயாச்சும் போயிருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன்."

அது போகவில்லை. ஒன்பதரை மணிக்கு நிஷாந்தி கத்தியது மலையின் அந்தக் கடைசிக்கும் கேட்டது. வலது கை நடுவிரல். எது கடித்தது என்று அவள் பார்க்கவில்லை. ஆம்பிளைகள் தடியோடு ஓடி வந்து செடி செடியாக அடித்தார்கள். அடிவேரில் கிடந்த ஒரு பாம்பு அகப்பட்டது. மண்ணிறத்தில் திட்டுத் திட்டாக இருந்த ஒன்று. தலையே தெரியாமல் நசுக்கி, சிலிசிலி பேக்கில் போட்டு, டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று நிஷாந்தியோடு தோட்ட லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். கடித்த பாம்பைக் கொன்று கொண்டுபோவதுதான் இங்கே முறை. கடித்தது அதுதானா என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கு நிதானம் இருக்கும்?

அந்தப் பேக்கைப் பார்த்த வடிவக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கடித்தது அது இல்லை. அது தரையில் கிடக்கிற ஜாதி. விரலில் கடிக்க அது செடிக்கு மேலே ஏறி வந்திருக்க வேண்டும். இருபது பேர் சுற்றி நின்ற இடத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. கூடையை வைத்துவிட்டு, நடந்தும் ஓடியும் பஸாருக்கு வந்து சேர்ந்தாள். பதினொன்றரை மணிக்கு என் கடையில் நின்றாள். காலெல்லாம் சேறு.

"நானா, நேத்துப் போட்ட படத்த அழிச்சிரலாமா? போட்டதே தெரியாம அழிக்க முடியுமா?"

என்ன விஷயம் என்று கேட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் போனை வாங்கி அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டேன். ஒரு அமுக்கு அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது இழுப்புக்காரப் புள்ள நானா. அந்த நசுங்குனத நம்பி மருந்து குடுத்தா என்னா ஆகும்?"

"அக்கா, ஒண்டு யோசிங்க. இதக் காட்டினா நேத்தே கண்டுட்டுச் சும்மா வந்தீங்கண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நாளைக்கு அந்த மலையில நீங்க எப்படி நிக்கிற?"

"தெரியும்."

"அவங்கள விட்டா ஒங்களுக்கு யாரு ஈக்கு?"

"அதுவும் தெரியும் நானா. நீங்க கூட வாங்க. எனக்குச் சிங்களம் வராது."

கடையை இழுத்து மூடினேன். முச்சக்கர வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணித்தியாலம். வழி முழுக்க அவள் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மீதா, அந்த நாலாயிரம் பேர் மீதா என்று தெரியவில்லை. லைக் போட்டவனில் ஒருத்தனாவது இந்த வண்டியில் ஏறி வருவானா?

வார்ட்டில் நிஷாந்தி கை வீங்கிப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் அவள் புருஷன் தனுஷன். இராயப்பன் கங்காணி கையில் அந்தப் பேக்கை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் சின்னப் பெண், சிங்களம்தான் பேசினாள். இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்ததில் அது உறையவில்லை. பேக்கில் இருப்பதற்குத் தலை இல்லை, ஆனால் உடம்புத் திட்டைப் பார்த்தால் கண்ணாடி விரியனாக இருக்கலாம் என்று சந்தேகம். அதுதான் என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றாமல் இருக்க முடியாது. ஆனால் இழுப்பு இருக்கிறவளுக்கு அந்த மருந்தே ஆபத்தாகலாம். இரண்டு பக்கமும் பயந்துகொண்டு, ஏற்றுவதற்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

நான் போனைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

இது யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று கேட்டாள்.

எனக்கு அப்போதும் மறைக்கிற புத்தி போகவில்லை. யாரோ எடுத்தது, அந்தப் பக்கத்தில் கண்டார்களாம் என்று சிங்களத்தில் மழுப்பினேன். டொக்டர் விடவில்லை. யாரோ என்றால் எனக்குப் போதாது, அதே செடியா, எப்போது என்று தெரிய வேண்டும் என்றாள். நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வடிவக்காவின் குரல் கேட்டது. அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

"மமய். ஈயே."

நான்தான். நேற்று.

பிறகு தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதே செடிதாங்க. வாய்க்கா ஓரம். புள்ள கைய விட்ட எடம் அதேதான்."

டொக்டர் எழுந்து போனாள். எடுத்து வைத்த மருந்தைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னது எனக்குக் கேட்டது. இந்தப் பாம்புக்கு அந்த மருந்து வேலை செய்யாது, மணிக்கு மணி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார்கள் என்று பிறகு எனக்கு விளக்கினாள்.

தனுஷன் டொக்டரைப் பார்க்கவில்லை. அதுவரை வடிவக்கா வடிவக்கா என்று கூப்பிட்டவன். "நேத்தே பாத்தியா?" என்றான். "பாத்துட்டு, படம் புடிச்சிட்டு, பேசாம வந்துட்டியா?"

"ஆமாப்பா."

"போயிரு. இங்க நிக்காத."

கங்காணி அந்தப் பேக்கை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நாங்கள் இறங்கி வந்தோம். வெளியே ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். படத்தை இப்போது அழிக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலையே அந்தப் படத்துக்குக் கீழே கெம்பஸில் படிக்கிற ஒரு பையன் சிங்களத்தில் எழுதியிருந்தான்: "இந்தப் பாம்பு ஒரே செடியில் பல நாள் அசையாமல் இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்." வடிவக்காவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவாள்தானே, அப்போது சொல்லலாம் என்று நினைத்துக் கடையைச் சாத்திக்கொண்டு போனேன். ஒரு கோல் எடுக்க எனக்கு என்ன கேடு? அன்று ஆஸ்பத்திரியில் தனுஷன் அவளைப் போ என்றபோது, என்னையும் சேர்த்துச் சொல் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நிஷாந்தி பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இரத்தம் சரியாக உறைந்தது. நடுவிரல் நுனி மட்டும் கறுத்து, மடங்காமல் போய்விட்டது. ஒரு மாதத்தில் மலைக்குத் திரும்பி வந்தாள்.

ஆனால் வடிவக்காவோடு யாரும் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு ஏச்சு ஏசி, மண்ணை வாரித் தூற்றி, அடுத்த கிழமை சமாதானம் ஆகியிருக்கும். இவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. பெரட்டில் அவள் வந்து நின்றால் பக்கத்தில் இருக்கிறவள் இரண்டு அடி தள்ளிப் போவாள். அவள் நிரைக்குப் பக்கத்து நிரையை எடுக்க ஒருத்திக்கும் மனம் வராது. கடைசியில் கங்காணி அவளை ஓரத்து நிரையிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார். கொழுந்து மூட்டையை முதுகுக்கு ஏற்றிவிட ஆள் வேண்டும்; ஒருத்தியும் வரமாட்டாள். கரை ஓரமாக மூட்டையை வைத்து, தான் கீழே இறங்கி நின்று தானே இழுத்துக்கொள்வாள். மதியச் சாப்பாடு தனியாக, கல்லில்.

அந்த நாட்களில் அந்தக் குழுவில் அவள் ராணி. படம் ஒரு உயிரைக் காப்பாற்றிய கதையை நான்தான் எழுதிப் போட்டேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. ஒன்பதாயிரம் பேர். வீரத்தாய் என்று ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். வாசித்துக் காட்டினேன்.

"இவங்கள்ல கிட்டத்துல யாராச்சும் இருக்காங்களா நானா?" என்று கேட்டாள்.

தேடிப் பார்த்தேன். ராகலையில் ஒரு வாத்தியார் இருந்தார். ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார். சொன்னேன். "ராகலையா," என்றாள். அதோடு சரி. மகள் அந்த மாதம் கோல் எடுக்கவில்லை.

பாம்பு கடித்து நாற்பது நாளுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டுதான் இருப்பாள்.

"நானா, அந்தப் பேஸ்புக்க மூடிருங்க."

"ஏன் அக்கா?"

"முந்தாநாள் நான் கத்துனேன்."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். மூன்றாம் நம்பர் மலையில், ஓரத்து நிரையில் ஒரு பாம்பு கிடந்ததாம். அவள் நெரை விடு என்று கத்தினாளாம். முதலில் யாருக்கும் யார் கத்தியது என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் கையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். ஆம்பிளைகள் வந்தார்கள். எங்கே என்று கேட்டபோது அவள்தான் கையை நீட்டிச் செடியைக் காட்டினாள். மூன்று அடியில் முடிந்துவிட்டது. கம்பில் தூக்கிக் காட்டினார்கள்.

"பொலங்காவா?" என்று கேட்டேன்.

"இல்ல நானா. கண்கொத்தி. பச்சையா, நூலு மாதிரி. ஒண்ணும் செய்யாது."

"தெரிஞ்சேவா கத்தினீங்க?"

"தெரிஞ்சுதான் கத்துனேன்."

கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கஸ்டமர் ஒருவர் ரீலோட் கேட்டார். பிறகு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

"ஏன் அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேல முடிஞ்சா நாங்க ஒருத்தி முதுக ஒருத்தி பாத்து அட்டை எடுத்து விடுவோம் நானா. நம்ம முதுகு நமக்குத் தெரியாதுல்ல? நாப்பது நாளா என் முதுகப் பாக்க ஆள் இல்ல. வீட்டுல போயி ரவிக்கையக் கழட்டுனா அட்டை கடிச்சு ரத்தமா இருக்கும்."

முந்தாநாள் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு நிஷாந்தி தானாக வந்தாளாம். திரும்பு அக்கா என்றாளாம். மடங்காத அந்த விரலோடு, கழுத்துக்குக் கீழேயும் இடுப்பிலுமாக மூன்று அட்டை எடுத்துவிட்டாளாம்.

பாம்பைச் சொன்னபோது அவள் கண் கலங்கவில்லை. இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.